அரைக்கால் சட்டையோடு நான் ஒரு வெள்ளைக்காரர் மேல் படுத்திருந்தது குறித்து

ஆலன், டெக்ஸாஸ்
வைகாசி மாதம், வளர்பிறை

மதிப்பிற்குரிய திரு. மகாதேவன் அவர்கள் சமூகத்துக்கு,

கோபிச்செட்டிப்பாளையம் சேனாபதி, தற்சமயம் மகன் ஜெயபிரகாஷ் வீட்டு மாடி அறையிலிருந்து பணிவுடன் எழுதிக்கொள்வது. இடது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்குவதால் இரண்டு கைகளையும் கூப்ப இயலவில்லை. கூப்பியதாகவே தாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கையைத் தவிர இங்கு அனைவரும் சௌக்கியம். உடுமலையில் தங்கள் தோப்புக்குத் தண்ணீர் ஒழுங்காகப் பாய்கிறதா, வீட்டம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா என்று கேட்கச் சொன்னாள் என் மனைவி வசந்தாமணி. தங்களைச் சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்று தெரியாமல் அடித்து அடித்து எழுதி, கடைசியில் ‘திரு.’ என்று போட்டிருக்கிறேன். என் மகள் வான்மதிக்கும் தங்கள் மகன் அகிலனுக்கும் ஆவணியில் உப்புச்சர்க்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்வது என்று பேசி முடித்தபோது எனக்கு அந்த உரிமை இருந்தது. போன சனிக்கிழமைக்குப் பிறகும் இருக்கிறதா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த வீடியோவை எடுத்தது வசந்தாமணிதான். பெருந்துறையில் இருக்கும் தன் தங்கைக்கு அனுப்பி ‘இந்த வயசுல இவருக்கு இது தேவையா’ என்று புலம்புவதாகத்தான் உத்தேசம். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவள் ‘வான்மதி – அகிலன் சுபமுகூர்த்தம்’ குழுவில் போட்டுவிட்டாள். இரண்டு பக்கத்துச் சொந்தபந்தமும் உட்கார்ந்திருக்கும் குழு. அதில் தாங்கள் கண்டது: அரைக்கால் சட்டை போட்ட நான், தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரரின் கணுக்காலைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறேன். அவர் குப்புற விழுகிறார். நான் அவர் முதுகின் மேல் ஏறிப் படுக்கிறேன். பிறகு இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறோம். அவர் என் வழுக்கையில் முத்தம் கொடுக்கிறார். இதைவிட மோசம், இருவரும் ஒரே நிறப் பனியன் போட்டிருக்கிறோம். என் பங்காளி ஒருவன் யோசிக்காமல் கைதட்டும் பொம்மை போட்டான். தங்கள் அண்ணன் ‘யார் இந்த ஆள்?’ என்று கேட்டார். தங்கள் பக்கத்திலிருந்தே யாரோ ‘பெண்ணின் அப்பா’ என்று பதில் போட்டார்கள். அதற்கப்புறம் அந்தக் குழுவில் ஓர் ஈ காக்கை இல்லை; காலை வணக்கப் பூப்படங்கள்கூட நின்றுவிட்டன. மறுநாள் தங்களிடமிருந்து ‘பார்த்தோம். யோசிக்கிறோம்.’ என்று வந்தது. நான் போன் செய்தால் மணி அடிக்கிறது, தாங்கள் எடுப்பதில்லை. அகிலனின் அத்தை வான்மதியை அழைத்து, “சொந்தக் கட்சி ஆளையே இழுத்துத் தள்ளுறவரு, நாளைக்கு நம்மள என்ன பண்ணுவாருங்கண்ணு?” என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தக் கடிதம். நான் ஒன்றும் விளையாடவில்லை, ஆள் குறைகிறது என்று சும்மா நின்றேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தில் கீழே படுத்திருப்பவர் பெயர் டுவெய்ன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். கார் ஓட்டத் தெரியாமல் இந்த ஊருக்கு வரும் என்னைப் போன்ற அப்பாக்களுக்குப் போக்கிடம் ஒன்றுதான், ஏரியோரப் பூங்காவைச் சுற்றி வருவது. ஒருநாள் அங்கே அவருடைய நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடியது. கன்றுக்குட்டி அளவு நாய். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். வேலை கிடைத்ததே வாரியத்தின் கபடி அணிக்கு இடது கார்னர், அதாவது ஓரத்தில் நின்று பாடி வருகிறவன் காலைப் பிடித்து இழுப்பவன், வேண்டும் என்றுதான் என்பதை ஜாதகத்தோடு சேர்த்து எழுதவில்லை, மன்னிக்கவும். அந்த நாய் என்னைத் தாண்டிய நொடியில் நான் யோசிக்கவே இல்லை. உடம்பு தானாகப் பாய்ந்தது. பின்னங்கால் இரண்டும் என் கையில் இருந்தன. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, வெட்கப்பட்டது, அவ்வளவுதான். ஓடி வந்த டுவெய்ன் நாயைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். ஒரு தரகர் நல்ல ஜாதகத்தைப் பார்க்கிற பார்வை அது.

அன்று மாலையே வீட்டுக்குக் கூப்பிட்டு காப்பி என்ற பெயரில் ஒன்றைக் கொடுத்து அவருடைய கதையைச் சொன்னார். அவர் இங்கிலீஷ் டெக்ஸாஸ் இங்கிலீஷ், வாயைத் திறக்காமலே பேசுவார். எனக்குப் பாதிதான் புரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், ரக்பி லீக் என்ற விளையாட்டில் அமெரிக்காவின் தேசிய அணி என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றுப்பயணம் போயிருக்கிறது. இவரும் போயிருக்கிறார். அந்த விளையாட்டை அதற்கு முன் அவர்களில் ஒருவரும் பார்த்ததுகூட இல்லை. ஏற்பாட்டாளர் ஒருவர் கல்லூரிகளில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய தடியர்களாகப் பார்த்துப் பொறுக்கி, கோட்டு தைத்துக் கொடுத்து விமானத்தில் ஏற்றிவிட்டார். போகிற வழியில் பயிற்சியாளர் விதிப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே போனாராம். புள்ளி எடுப்பது எப்படி என்ற அத்தியாயம் வருவதற்குள் சாப்பாடு வந்துவிட்டதாம். இறங்கிய முதல் ஆட்டத்தில் தலைக்கவசமும் தோளுக்குத் திண்டும் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நடுவர் அத்தனையையும் கழற்றச் சொல்லிவிட்டார். அந்த ஆட்டத்தில் பந்தைப் பின்பக்கம்தான் கொடுக்க வேண்டும், முன்பக்கம் எறியக் கூடாது. இவர்களுக்கோ பிறந்ததிலிருந்து முன்னால் எறிந்துதான் பழக்கம். நடுவர் ஊதி ஊதிக் களைத்துப் போய் ஒரு கட்டத்தில் வேறொருவரிடம் ஊதலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். ஊர் ஊராகப் போய் ஊர் ஊராகத் தோற்றிருக்கிறார்கள். ஒரு ஊரில் அடிபட்டவர்கள் அதிகமாகி ஆள் இல்லாமல் போக, எதிரணியே இரக்கப்பட்டு இரண்டு பேரை இரவலாகக் கொடுத்திருக்கிறது. அமெரிக்கா எடுத்த புள்ளியெல்லாம் அந்த இருவர் எடுத்ததுதான். கடைசி ஆட்டம் செம்மறியாடு மேய்க்கிற ஒரு சின்ன ஊரில். அதில் டுவெய்ன் பந்தோடு தப்பித்து ஓடினார். எதிரி ஊரே எழுந்து நின்று ‘ஓடு, ஓடு’ என்று அவருக்காகக் கத்தியதாம், பாவம் பார்த்து. கோட்டைத் தாண்டினார். தாண்டிப் பந்தைக் குனிந்து தரையில் அழுத்தினால்தான் புள்ளி. அதற்குள் அந்த விதி அவருக்குத் தெரியும், ஆனால் கைக்குத் தெரியவில்லை. அவர்கள் ஆட்டத்தில் தாண்டினாலே போதும் அல்லவா, அந்தப் பழக்கத்தில் பந்தை இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டிக் கூட்டத்துக்குள் வீசிவிட்டார். ஓர் ஆட்டு நாய் அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. புள்ளி இல்லை. ஐம்பது வருஷமாக அந்த மனிதர் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருக்கிறார். அவர் மனைவி பெட்டி அம்மா இந்தக் கதை ஆரம்பித்தாலே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறார்.

இந்த வைகாசியில் அந்தச் செம்மறியாட்டு ஊர்க்காரர்கள், இப்போது எல்லாரும் கிழவர்கள், டெக்ஸாஸுக்கு மாட்டுப் பண்ணை பார்க்க வருவதாக எழுதியிருந்தார்கள். வந்தவாக்கில் ஒரு பழைய ஆட்டமும் ஆடிவிடலாம் என்றார்கள். டுவெய்ன் தன் அணியைத் தேடினால் சிலர் காலமாகிவிட்டார்கள், சிலருக்கு இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறது, ஒருவர் சாமியாராகிவிட்டார். பூங்காவைச் சுற்றும் நம்மவர்களிடம் வந்து நின்றார். மாம்பலம் ஆடிட்டர் சிவராமகிருஷ்ணன் விதிகளை முழுதும் படித்துவிட்டுச் சம்மதித்தார். இன்னும் சிலர் மருமகள் ஊரில் இல்லாத வாரம் என்பதால் சம்மதித்தார்கள். என்னை யாரும் கேட்கவே இல்லை; பனியனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நான் மறுத்திருக்க வேண்டும். ஜெயபிரகாஷ் என்னை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும்போதே ஃப்ரீவேயில் சொன்னான். “அப்பா, இங்க எங்கயும் விழுந்துராதீங்க. விசிட்டர் இன்ஷூரன்ஸ் சளி காய்ச்சலுக்குத்தான் கவர் ஆகும், விளையாட்டுன்னு சொன்னா க்ளெய்மே பண்ண முடியாது.” அதனால் வீட்டில் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு நிதி திரட்டும் நடைப்பயணம் என்று சொல்லிவிட்டு, பேரனின் பழைய அரைக்கால் சட்டையை வேட்டிக்குள் போட்டுக்கொண்டு போனேன். பிரிட்ஜ்வாட்டர் நியூஜெர்சியில் இருக்கிறது, நாங்கள் இருப்பது டெக்ஸாஸ் என்பதை வசந்தாமணி அப்போது யோசிக்கவில்லை. நல்லெண்ணத்தில் பெட்டி அம்மா வந்து, உங்கள் கணவர் ஆடுவதைப் பார்க்க வேண்டாமா என்று அவளைக் காரில் ஏற்றி முன்வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். நான் வேட்டியை அவிழ்த்து ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அவள் முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன், தங்களுக்கும் கல்யாணமாகி நாளாகிறது.

ஆட்டம் தொடங்கியது. முழங்காலுக்கு மேல் மெதுவாகப் பிடிப்பது, மூச்சு வாங்கினால் யார் வேண்டுமானாலும் கை தூக்கி நிறுத்தலாம் என்று பேச்சு. ஆடிட்டர் முழுக்கைச் சட்டையை மடிக்காமல் ஆடினார். பந்து வந்தால் அதை உடனே யாரிடமாவது ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. பக்கத்தில் யார் நின்றாலும், “ப்ளீஸ் டேக் இட்” என்று கொடுத்துவிடுவார். அப்படிக் கொடுத்ததில் பெரும்பாலும் ஆஸ்திரேலியர்கள். மிச்சத்தில் ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது. பந்து கையில் விழுந்ததும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அத்தனை பேர் எதிரே வரிசையாக நிற்கிறார்கள், கையைக் கோத்துக்கொள்ளாத குறைதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கபடி கபடி என்று உள்ளே நுழைந்துவிட்டேன். ஒருவர் தோளைத் தொட்டேன், ஒருவர் தொப்பையைத் தொட்டேன், ஒரு தாத்தாவின் முழங்காலைக் காலால் தொட்டேன். கிழவர்கள் மிரண்டு வழிவிட்டார்கள். இந்த வயதிலும் ஒரே மூச்சு. கோடு கண்ணெதிரே வந்துவிட்டது, டுவெய்ன் ‘போ, போ’ என்று கத்துகிறார். நான் பளிச்சென்று திரும்பி, வந்த வழியே ஓடி, எங்கள் பக்கத்துக் கோட்டைத் தொட்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். தொட்டவரெல்லாம் வெளியே போக வேண்டும் என்று ஆஸ்திரேலியர்களுக்குக் கையும் காட்டினேன். ஒருவரும் போகவில்லை. வசந்தாமணி மட்டும் கைதட்டினாள். என் மேல் கோபத்தில் இருந்தவள் கைதட்டினாள் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும், ரெய்டு அப்படி. பிறகு ஆடிட்டர் வந்து, நான் ஓட வேண்டிய திசையைப் பத்தி வாரியாக விளக்கினார்.

எனக்கு அவமானமாகிவிட்டது. டுவெய்ன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகில் தட்டினார். அந்த மைதானத்தில் என் நிலைமை புரிந்த ஒரே மனிதர் அவர்தான். ஆட்டம் முடியப் போகிற நேரம், எங்களுக்கு ஒரு புள்ளியும் இல்லை. ஆஸ்திரேலியர் ஒருவர் பந்தை நழுவவிட்டார். நழுவியதா விட்டாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம். அதை எடுத்துக்கொண்டு டுவெய்ன் ஓடினார். எழுபதைத் தாண்டிய கால் என்ன ஓடும், ஆனாலும் ஓடினார். துரத்தியவர்கள் அக்கறையில்லாமல் துரத்தினார்கள். நான் துணைக்குப் பின்னால் ஓடினேன். பெட்டி அம்மா பாத்திரம் கழுவப் போகாமல் எழுந்து நின்றார். கோட்டைத் தாண்டிவிட்டார். இனிக் குனிந்து பந்தைத் தரையில் வைக்க வேண்டியதுதான். சம்பந்தி, அந்த மனிதர் நின்றார். நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கைகளும் பந்தோடு மேலே போக ஆரம்பித்தன. ஐம்பது வருஷமாக அந்த ஒரு தப்பையே நினைத்துக்கொண்டிருந்தவர், அதே தப்பை அதே மாதிரி செய்யப் போகிறார். பேசித் தடுக்க நேரமில்லை, எனக்கு இங்கிலீஷ் வருவதற்குள் பந்து கூட்டத்துக்குள் போய்விடும். ஒரு கார்னர்காரன் என்ன செய்வான்? பாய்ந்தேன். இடது கணுக்காலைப் பிடித்தேன். பந்தோடு குப்புற விழுந்தார். கை மறுபடி மேலே போய்விடக் கூடாதே என்று அவர் முதுகின் மேல் படுத்துப் பந்தோடு சேர்த்து அமுக்கினேன். நடுவர் ஊதினார். புள்ளி. ஆஸ்திரேலியர்கள் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்தார்கள். தாங்கள் பார்த்த அழுகை அதுதான். அவர் எதற்கு அழுதார் என்று தெரியும். நான் எதற்கு அழுதேன் என்றால், முதலில் சந்தோஷத்தில், பிறகு மணிக்கட்டு வலியில்.

ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். புல்லில் நடந்தேன், வழுக்கியது என்று அடக்கமாகச் சொன்னேன். பக்கத்தில் பனியனோடு நின்ற டுவெய்ன், தேசத்துக்காக அடிபட்டவர் என்று டாக்டர், நர்ஸ், வாசலில் நின்ற காவலாளி வரை எல்லாரிடமும் சொல்லிவிட்டார். ஜெயபிரகாஷ் காரில் ஏறியதுமே இன்ஷூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டான். அது போகட்டும். வான்மதி சான் ஹோசேயிலிருந்து போன் செய்தாள். அழுவாள் என்று பயந்துகொண்டே எடுத்தேன். “அப்பா, பிடி நல்லா இருந்துச்சுங்கப்பா” என்றாள். அவள் அழுது திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. என் கோமாளித்தனத்தால் என் பெண்ணின் கல்யாணம் நின்றது என்றால் நான் என்ன மனுஷன்? அவளும் அகிலனும் ஒருவரையொருவர் விரும்பியே இந்த ஏற்பாட்டுக்கு வந்தார்கள் என்பது நாம் இருவரும் தெரிந்தும் தெரியாதது போல் இருக்கும் விஷயம். ஆகவே தாங்கள் என்னை எடை போட்டு அந்தக் குழந்தையைத் தள்ள வேண்டாம். நான் சொந்தக் கட்சி ஆளை இழுத்துத் தள்ளியது உண்மை. அவர் நன்மைக்குத்தான் தள்ளினேன். மருதமலை முருகன் அறியச் சொல்கிறேன், இனி அந்தப் பந்தை இந்தக் கையால் தொட மாட்டேன். பனியனைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டுவெய்னோடு இனி நல்லாருக்கீங்களா என்பதோடு சரி. ஆவணியில் வேட்டி சட்டையோடு, அங்கவஸ்திரத்தோடு, முழங்கால் எந்தக் கோணத்திலும் தெரியாதபடி வந்து தங்கள் வாசலில் நிற்பேன்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், அகிலனின் அத்தைக்கு என் விளக்கத்தையும், தோப்பில் காய்க்கிற ஒவ்வொரு மரத்துக்கும் என் விசாரிப்பையும் சொல்லவும். நல்ல பதிலை எதிர்பார்த்து, ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்து,

தங்கள் பணிவுள்ள,
சேனாபதி

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போடும் நேரத்தில் அகிலன் போன் செய்தார். தாங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதாகவும், “முட்டியில கை வைச்சிருந்தா வழுக்கியிருக்கும், கணுக்காலப் பிடிச்சான் பாரு” என்று தனியாகப் பேசிக்கொள்வதாகவும் அவருடைய அம்மா சொன்னாராம். வருவாய்த் துறைக் கபடி அணியில் தாங்கள் வலது கார்னர் என்பதை அப்போதுதான் கேள்விப்பட்டேன். தாங்களும் அதை ஜாதகத்தோடு எழுதவில்லை, பரவாயில்லை. செம்மறியாட்டு ஊர்க்காரர்கள் எங்களைப் பதிலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆவணியில். என்னைக் கேப்டன் ஆக்கியிருக்கிறார்கள். நான் மேலே செய்த சத்தியம் அமெரிக்க மண்ணுக்கு மட்டும் என்று எழுத விட்டுப்போயிற்று. கைக்கட்டை இப்போதே அவிழ்த்துவிட்டேன். இடது பக்கம் நான் இருக்கிறேன், வலது பக்கம் ஆள் இல்லை. தங்கள் சட்டை அளவை அகிலனிடம் வாங்கிப் பதின்மூன்றாம் எண் பனியன் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. உப்புச்சர்க்கரையை ஐப்பசிக்குத் தள்ளிவிடலாம். வீட்டில் கேட்டால் ஆவணியில் நாள் சரியில்லை என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிவிடுவோம், சம்பந்தி. அரைக்கால் சட்டை மட்டும் தங்களுடையதைத் தாங்களே கொண்டுவரவும்.